பானைக்குள் பாம்பு, கோப்புக்குள் அனுமதி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் முதலில் வீட்டுக்குள் வருவது தண்ணீர். அடுத்து வருவது பாம்பு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி இந்தப் பகுதிகள் மூழ்கியபோது மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். ஏரியையும் வயலையும் மனைகளாக்கினோம். அங்கே குடியிருந்த எலிக்கும் பாம்புக்கும் மாற்று இடம் தரவில்லை. ஆகவே அவை நம்மோடுதான் இருக்கின்றன.

பாம்பு வந்ததும் தெருவில் எழும் முதல் குரல், "கம்பை எடு." இரண்டாவது குரல், "அந்தக் காலனிக்காரரைக் கூப்பிடு." வண்டலூர், கூடுவாஞ்சேரி, திருப்போரூர் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து ஒருவர் வருவார். கையில் சின்னக் கடப்பாரையும் ஒரு துணிப்பையும் இருக்கும். பாம்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போவார். ஐம்பதோ நூறோ கொடுப்பார்கள். வாசல் தாண்டி உள்ளே வரவிட்ட வீட்டில்கூட தண்ணீர் கொடுக்கும் டம்ளர் தனியாக இருக்கும்.

இனி சட்டத்தின் கண்ணால் அந்தத் தெருவைப் பார்ப்போம். பயத்தில் பாம்பை அடித்துக் கொன்றவர் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்தேன் என்று சொல்லலாம். நல்லெண்ணத்தோடு உயிர்காக்கச் செய்தால் குற்றமல்ல என்று சட்டமே வழிவிட்டிருக்கிறது. அதைக் கொல்லாமல், காயப்படுத்தாமல் பையில் போட்டுச் சென்றவருக்கு அந்த வழி அவ்வளவு எளிதல்ல. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் அடங்கும். வழியில் யாராவது நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னால், அனுமதி எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

இந்தப் பத்தியில் இருளரைப் பற்றி ஏன் எழுத வேண்டும், அவர்கள் பழங்குடியினர் ஆயிற்றே என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். ஊருக்கு வெளியே குடியிருப்பு, தனி டம்ளர், செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட உழைப்பு, ஒரு திருட்டு நடந்தால் முதலில் தட்டப்படும் கதவு ஆகியவற்றை அனுபவிக்கிறவர் யாரென்று பார்த்தால் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் நடுவே கோடு போட முடியாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். மாநிலத்தின் மிகவும் நலிவுற்ற ஆறு பழங்குடிகளுள் ஒன்றாக அரசே அவர்களை வைத்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இரு பிரிவினருக்கும் ஒன்றே.

பாம்புக்கும் இருளருக்கும் அரசுக்கும் உள்ள உறவின் கதை நம் புறநகரிலேயே தொடங்குகிறது. கிண்டிப் பாம்புப் பண்ணையை எல்லோருக்கும் தெரியும். அது கிண்டிக்கு வருமுன் ரோமுலஸ் விட்டேகர் அதைத் தொடங்கிய இடம் தாம்பரத்தை அடுத்த சேலையூர் என்பது சேலையூரில் படிக்கும் மாணவர்களுக்கே தெரியாது. அங்கே அவருக்குப் பாம்பைப் பற்றிக் கற்றுக்கொடுத்தவர்கள் இருளர்கள். அன்று அவர்களின் பிழைப்பு பாம்புத் தோல். சாரையையும் நாகத்தையும் பிடித்துத் தோலை வியாபாரிகளிடம் சொற்ப விலைக்குக் கொடுப்பார்கள். அது பையாகவும் செருப்பாகவும் வெளிநாடு போகும். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே தோல் பதனிட்ட ஆலையால் வந்தது. தோல் தொழிலில் யார் கை நாறியது, யார் கை நிறைந்தது என்று இந்தப் பத்தியின் வாசகருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

வன உயிரினச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றது. நின்றது சரிதான், அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. பாம்பு குறைந்தால் எலி பெருகும், எலி பெருகினால் நெல் குறையும் என்பது எந்த விவசாயிக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் ஏற்றுமதியாளர்கள் வேறு சரக்குக்கு மாறிக்கொண்டார்கள். இருளருக்கு மாறிக்கொள்ள வேறு சரக்கில்லை. பரம்பரை பரம்பரையாகச் செய்த வேலை ஒரே இரவில் குற்றமானது. மாற்று வேலை என்ன என்று அந்த உத்தரவில் ஒரு வரிகூட இல்லை.

அதற்கு விடையாகப் பிறந்ததுதான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் நடக்கிறது. யோசனை எளிமையானது. பாம்பைக் கொன்று தோலை விற்காதே. பிடித்து, நஞ்சை எடுத்து, உயிரோடு திரும்ப விடு. நஞ்சை மருந்து நிறுவனங்களுக்கு விற்று வரும் பணத்தைப் பங்கிட்டுக்கொள். யோசனை எளிமை, அனுமதி எளிமையில்லை. பதிவு நடந்தும் நஞ்சு எடுக்கும் வேலை 1980களின் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்க முடிந்தது.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அந்த மக்களின் அறிவு இருக்கிறது. நான்கு வகைப் பாம்புகள் மட்டும்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாட்டில் பாம்புக் கடிச் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுபவை இவை நான்குமே. உறுப்பினர் வயல் வரப்பில், புதரில், கரையான் புற்றில் தேடிப் பிடிக்கிறார். மண்ணில் கிடக்கும் தடத்தையும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் பார்த்து எந்தப் பாம்பு, எவ்வளவு நேரத்துக்கு முன் போனது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சங்கத்துக்குக் கொண்டுவந்த பாம்பின் எடையும் நீளமும் குறிக்கப்படும். பிறகு மண்பானைக்குள் விட்டு வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். மூன்று வாரம் அங்கே இருக்கும். வாரம் ஒரு முறை என்ற கணக்கில் நான்கு முறை நஞ்சு எடுக்கப்படும். அடிவயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் தெரிந்துவிடும். அதன்பின் காட்டில் விடப்படும்.

எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாகிறது. மருந்து நிறுவனத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, நம் அரசு மருத்துவமனைக் குளிர்பெட்டியில் இருக்கும் பாம்புக்கடி ஊசி மருந்தாக்குகிறார்கள். இந்தியாவில் தயாராகும் இந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக வடநெம்மேலிப் பானைகளிலிருந்து போனது. பீகாரில் நாற்று நடும் பெண்ணும் மராட்டியத்தில் கரும்பு வெட்டுபவரும் பிழைத்தால் அதில் நம் மாவட்டத்து இருளர் ஒருவரின் கை இருக்கிறது. 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு சொல்கிறது. இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தினர். செருப்பில்லாமல் வயலில் இறங்குகிறவர்களும், தரையில் படுக்கிறவர்களும், கழிப்பறை இல்லாமல் இருட்டில் வெளியே போகிறவர்களும் யாரென்று நமக்குத் தெரியும்.

இப்போது அனுமதிக்கு வருவோம். பாதுகாக்கப்பட்ட உள்நாட்டுப் பாம்பைச் சட்டப்படி வைத்திருக்க என்ன வழி என்று கல்லூரி மாணவர்கள் நம்மைக் கேட்பதுண்டு. செல்லப் பிராணியாக வைத்திருக்க வழியே இல்லை என்பதுதான் பதில். நல்ல பாம்பானாலும் சாரையானாலும் ஆசைக்காக வீட்டில் வளர்க்க அனுமதி கொடுப்பதில்லை. சட்டத்தின் 12-ம் பிரிவு சில தனி நோக்கங்களுக்காக மட்டும் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம் என்கிறது. கல்வி, அறிவியல் ஆராய்ச்சி, உயிரியல் பூங்காவுக்குச் சேகரிப்பது போன்றவை அவை. அவற்றோடு உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுப்பதும் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. நஞ்சு எடுத்து வியாபாரம் செய்ய 44-ம் பிரிவின்படி உரிமம் வேண்டும். அதாவது இந்த மக்களின் பிழைப்பு முழுவதும் சட்டத்தின் ஓரிரு வரிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அனுமதி எத்தனை பாம்பு, எந்த வகையில் எத்தனை, எந்தக் காலம் வரை என்று எண்ணிக் கொடுக்கப்படுகிறது. காலம் முடிந்தால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கோப்பு. சங்கம் இருப்பது தொழில் வணிகத் துறையின் கீழ். அனுமதி தர வேண்டியது வனத்துறை. ஒரு துறையின் கடிதம் இன்னொரு துறையின் மேசைக்குப் போய்த் திரும்பும்வரை பானைகள் காலியாக இருக்கும். அனுமதி தாமதமான ஆண்டுகள் உண்டு. எண்ணிக்கை வெட்டப்பட்ட ஆண்டுகளும் உண்டு. உத்தரவு கையில் கிடைக்கும்போது பாம்பு வெளியே வரும் பருவம் கழிந்துவிட்டால் அந்த உத்தரவால் அரிசி வாங்க முடியாது. மாதச் சம்பளம் வாங்குகிற யாருக்கும் ஒரு கோப்பு இரண்டு மாதம் தங்குவது பெரிய விஷயமல்ல. பாம்புக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிற குடும்பத்துக்கு இரண்டு மாதம் என்றால் செங்கல் சூளைக்காரரிடம் முன்பணம் வாங்குவது என்று பொருள். வாங்கியபின் என்ன நடக்கும் என்பதை 2019 ஜூலையில் நாடே பார்த்தது. காஞ்சிபுரம், வேலூர் பகுதி மரம் வெட்டும் இடங்களிலிருந்து மீட்கப்பட்ட கொத்தடிமைகளுள் முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களும் இருளர்களே.

2022-ல் செய்த திருத்தம், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது, முடிச்சை இன்னும் இறுக்கியிருக்கிறது. ஆறு அட்டவணைகள் நான்காகச் சுருக்கப்பட்டபோது நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் சாரையும் முதல் அட்டவணைக்கு ஏறின. முதல் அட்டவணை உயிரினத்துக்கு 12-ம் பிரிவு அனுமதி தருவதென்றால் மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். மற்றவற்றுக்கு மாநில அரசின் ஒப்புதல் போதும். ஆக, இரு பாம்புக்கு ஒரு வழி, மற்ற இரண்டுக்கு வேறு வழி. தண்டனையும் அதற்கேற்ப ஏறியது: முதல் அட்டவணைக் குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வீட்டுக்காரர் கூப்பிட்டதால் போய்ப் பாம்பை எடுத்த ஒருவரின் தலைமேல் தொங்குவது இந்தப் பிரிவு.

வன உரிமைச் சட்டம் காக்காதா என்று கேட்பார்கள். 2006-ம் ஆண்டின் அந்தச் சட்டம் பழங்குடியினரின் பல மரபுரிமைகளை ஏற்கிறது. ஆனால் வேட்டையாடுதலும் பொறிவைத்துப் பிடித்தலும் அதில் சேராது என்று வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. அந்தக் கதவும் மூடியதுதான்.

இதோடு இன்னொரு காட்சியையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடியில் ஓர் இளைஞர் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவுசெய்ய 2024-ல் மத்திய அரசு விதிகள் வெளியிட்டது. 'பரிவேஷ்' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் பதிவு செய்து, தோளில் போட்டுப் படமெடுத்துப் போடலாம். இரண்டும் ஒரே வகைப் பிரச்சினை அல்ல என்று நமக்குத் தெரியும். உள்நாட்டுக் காட்டுயிரைக் காப்பது வேறு, வெளிநாட்டு உயிரின வணிகத்தைக் கணக்கில் கொண்டுவருவது வேறு. ஆனாலும் ஆசைக்கு வளர்ப்பவருக்கு ஓர் இணையதளம் இருக்கிறது. ஊரின் உயிரைக் காக்கப் பிடிப்பவருக்கு இரண்டு துறைகளின் படிக்கட்டு இருக்கிறது. இதைப் பார்த்து வயிறு எரியாமல் இருக்க முடியவில்லை.

இணையதளத்தில் விண்ணப்பிக்க ஆதார் வேண்டும், முகவரி வேண்டும். இருளர் குடும்பங்கள் பலவற்றுக்குப் பட்டா இல்லை. ஏரிக்கரைக் குடிசைக்குக் கதவு எண் இல்லை. பழங்குடிச் சான்று வாங்கக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். அப்பாவின் சான்று எங்கே என்று கேட்பார்கள். அப்பாவுக்கு அதைக் கொடுத்திருக்க வேண்டியதும் அதே அலுவலகம்தான். விசாரணைக்கு வருகிறவர் சிலர், பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்டுச் சோதிப்பதாக இருளர் சங்கங்கள் நீண்ட நாளாகக் குறைகூறி வருகின்றன. பிடித்தால் வனச்சட்டம், பிடிக்காவிட்டால் இருளர் இல்லை!

மரியாதை கொடுக்காமல் இல்லை, கொடுக்கிறார்கள். 2017-ல் செங்கல்பட்டு மாவட்டத்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பர்மா மலைப்பாம்பு பெருகி மற்ற உயிர்களை எல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. முதல் எட்டே நாளில் 13 பாம்புகளை எடுக்க வழிசெய்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. நமக்கும் பெருமைதான், பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அமெரிக்க அரசாங்கம் நம்பிக் காட்டுக்குள் அனுப்பிய அறிவை, திருப்போரூர் வயல் வரப்பில் இறங்க நாம் ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்டு நிறுத்துகிறோம்.

வனத்துறையின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அனுமதி என்ற பெயரில் கட்டுப்பாடில்லாமல் பிடித்தால் பாம்பு அழியும். எண்ணிக்கைக் கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆண்டுதோறும் காட்டிலிருந்து பிடிப்பதைவிடப் பாம்புகளைப் பண்ணையிலேயே நெடுநாள் பராமரித்து நஞ்சு எடுப்பது தரமானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சில் தயாரான மருந்து வேறு மாநிலங்களின் கடிக்குப் போதுமானதாக இல்லை, வட்டாரத்துக்கு ஒரு நஞ்சு மையம் வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்வதையும் மறுக்க முடியாது. நாளைக்கு அப்படி ஒரு நவீனப் பண்ணை வரலாம், வரட்டும். நம் கேள்வி ஒன்றுதான். அதில் வெள்ளை அங்கி போட்டு வேலை செய்யப்போவது யார்? பட்டப்படிப்பைத் தகுதியாக வைத்து விளம்பரம் கொடுத்துவிட்டு, நாற்பது ஆண்டுக்கும் மேலாகக் கையில் கடிவாங்கி அந்தத் தொழிலை உருவாக்கியவர்களை வாசல் காவலுக்கு வைத்தால் அது தோல் காலத்துக் கணக்கேதான். இருளர் வீட்டுப் பிள்ளை விலங்கியல் படிக்க இன்றே உதவித்தொகை ஒதுக்கினால் பண்ணை வரும்போது ஆள் தயாராக இருக்கும்.

உடனடியாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன, புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஓராண்டு அனுமதிக்குப் பதில் மூன்றாண்டு அனுமதி கொடுத்து, எண்ணிக்கையை மட்டும் ஆண்டுதோறும் சரிபார்க்கலாம். மத்திய ஒப்புதலுக்கான கோப்பை அனுமதி முடிவதற்கு ஆறு மாதம் முன்பே மாநில அரசு தானாக அனுப்பலாம். சங்கம் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அனுமதி தாமதமாகும் மாதங்களுக்கு உறுப்பினர்களுக்கு ஒரு வாழ்வாதாரத் தொகை தரலாம். கடலில் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவருக்கு அரசு கொடுக்கிறதே, அதே நியாயம் இங்கே ஏன் பொருந்தாது?

வீடுகளுக்குள் வரும் பாம்புக்கும் ஒரு வழி இருக்கிறது. கேரள வனத்துறை 'சர்ப்பா' என்ற செயலியை வைத்துக்கொண்டு, பயிற்சி தந்து சான்றளித்தவர்களை மட்டுமே பாம்பு மீட்புக்கு அனுப்புகிறது. தாம்பரம் மாநகராட்சி எல்லையிலும் அதை ஒட்டிய ஊராட்சிகளிலும் அப்படியொரு பட்டியல் போட்டு, முதல் இடங்களை இருளருக்குத் தரலாம். அடையாள அட்டை, கையுறை, காப்பீடு, ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கூலி ஆகியவை கொடுத்தால் பையைத் திறக்கச் சொல்கிறவரிடம் நீட்ட ஒரு காகிதமாவது இருக்கும். தன்னார்வலர் என்ற பெயரில் பாம்போடு படமெடுத்துப் போடுகிற நகரத்து இளைஞருக்கு எளிதாகக் கிடைக்கும் நன்மதிப்பு இவர்களுக்கு மட்டும் ஏன் சந்தேகமாக மாற வேண்டும்?

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் மருத்துவமனையும் கணக்குக் கொடுக்க வேண்டும். 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைப்பதாக மத்திய அரசின் செயல்திட்டம் சொல்கிறது. இரண்டும் நல்லவை. கணக்கு சரியாக வந்தால் மருந்துத் தேவை கூடும். மருந்துக்கு நஞ்சு வேண்டும், நஞ்சுக்கு அனுமதி வேண்டும். சுகாதாரத் துறையின் இந்த இலக்கு வனத்துறையின் கோப்பு எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கோட்டையில் யாராவது ஒருவர் இரண்டு துறைச் செயலாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு செய்தி. மழைக்காலம் வருகிறது. பாம்பு வந்தால் அடிக்க வேண்டாம், தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள், அல்லது வனத்துறையைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கத்தி வைத்துக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். 108-ஐ அழைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எதிர்நஞ்சு மருந்து இலவசம். வடநெம்மேலிக்குப் போனால் நஞ்சு எடுப்பதைப் பார்வையாளருக்குக் காட்டுவார்கள். பள்ளி, கல்லூரி மாணவர்கள் மாமல்லபுரம் சுற்றுலா போகிற வழியில் அரைமணி நேரம் அங்கே இறங்கலாம். மாசி மகத்தன்று போனால் மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனைக் கும்பிடத் திரண்டிருக்கும் இருளர் குடும்பங்களையும் பார்க்கலாம். மணலில் சேலையால் கூடாரம் போட்டு இரவு தங்கியிருப்பார்கள். பேசிப் பாருங்கள், இந்த ஆண்டு அனுமதி வந்துவிட்டதா என்று கேளுங்கள்.